கொமினிகேஷன் கடையும் திறந்த அரசும்



கல்முனை பஸாரில் ஏதாவது ஒரு கொமினிகேஷன் கடையில் காலை பத்து மணிக்குப் போய் நின்றால், இலங்கையின் மின்-அரசாங்கம் நடக்கிற விதத்தைக் கண்ணாலே பார்க்கலாம். முக்காட்டை ஒரு கையால் பிடித்தபடி ஓர் உம்மா அடையாள அட்டையை நீட்டுவார். "அஸ்வெசும அப்பீல் ஒண்டு போடணும் மகன்." பையன் தட்டிக்கொண்டே கேட்பான்: வீட்டில் எத்தனை பேர், கரண்ட் பில் எவ்வளவு, யாருக்காவது நோயா? போட்டோகொப்பிக்கு நிற்கிற நாலு பேரும் பதிலைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். போன் நம்பர்? அது கட்டாரில் இருக்கும் மகனுடையது.

2023இல் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவின் பயனாளிகள் பட்டியல் வந்ததும் நாடு முழுவதிலுமிருந்து குவிந்த மேன்முறையீடுகள் ஒன்பது இலட்சத்தைத் தாண்டின. அவற்றில் எத்தனையோ இத்தகைய பையன்களின் விரல் வழியாகப் போயிருக்கும். அரசின் வாசலில் நிற்பவன் அவன்தான். எந்தச் சட்டத்திலும் அவனுக்குப் பெயரில்லை.

சட்டம் மோசமானதல்ல. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. காரணம் சொல்லாமல் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். எழுத முடியாதவர் வாயால் கேட்டாலும் போதும், அதை எழுத்தில் எடுப்பது தகவல் உத்தியோகத்தரின் கடமை என்கிறது 24ஆம் பிரிவு. ஐந்து இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட உள்நாட்டு நிதித் திட்டமானால், தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே அதன் விபரத்தை மக்களுக்குத் தர வேண்டும் என்கிறது 9ஆம் பிரிவு. ஐந்து இலட்சத்துக்கு இன்றைக்கு ஒழுங்கான ஒரு வடிகானைக்கூடக் கட்டி முடிக்க முடியாது. ஆகவே ஏறக்குறைய எல்லா வேலையும் அந்தப் பிரிவுக்குள் வந்துவிடும். வாயால் கேட்கவும் இடம் வைத்த சட்டத்தின் பக்கத்தில், படிவமும் கடவுச்சொல்லும் கேட்கிற இணையப் பக்கம் ஒரு படி பின்னே நிற்கிறது.

கல்முனைக்கு இந்தத் தகவல் உரிமை வெறும் ஆய்வுப் பொருளல்ல. உள்ளூராட்சி சபைகளின் பதவிக் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. 2025 மே 6இல் நாடெங்கும் தேர்தல் நடந்தபோது கல்முனை மாநகர சபைக்கு நடக்கவில்லை. கல்முனையிலிருந்து பிரித்துச் சாய்ந்தமருதுக்குத் தனிச் சபை என்று 2020 பெப்ரவரியில் வந்த வர்த்தமானி, சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. வாசல்படியில் பிடித்து நிறுத்திக் கேட்க ஓர் உறுப்பினர் இல்லாத ஊரில், குப்பை வண்டி ஏன் வரவில்லை என்பதற்கும் அலுவலகக் கோப்பைத்தான் கேட்க வேண்டும்.

கோப்பு கிடைத்தாலும் வாசிக்க வேண்டுமே! இணையத்தில் ஏறும் தமிழ் ஆவணங்களில் பல, காகிதத்தைப் படம் பிடித்தவை. மற்றவற்றில் கணிசமானவை பாமினி எழுத்துருவில் தட்டியவை. பாமினியில் 'கல்முனை' என்று தட்டினால், கணினியின் கணக்கில் அது எஃப், வை, அரைப்புள்ளி, பெரிய கே, ஐ, டி. எழுத்துரு இல்லாத கைபேசியில் அந்தக் குப்பைதான் தெரியும். தேடுபொறியும் கல்முனையைக் காணாது. பார்வையற்றவருக்கு வாசித்துக் காட்டும் செயலியோ அந்த ஆங்கில எழுத்துகளை ஒப்பிக்கத் தொடங்கிவிடும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் யுனிகோட் தமிழுக்கு அரச தரநிலை வந்தது 2008இலேயே.

மொழி உரிமை மீறலை முறையிட ஒரு தொலைபேசி இலக்கமும் இருக்கிறது: 1956. தனிச் சிங்களச் சட்டம் வந்த ஆண்டையே அதற்குத் தெரிந்தெடுத்தவருக்கு நகைச்சுவை உணர்வா, மறதியா தெரியாது.

மொழியைப் போலவே பயமும் ஒரு பூட்டுத்தான். 2018 பெப்ரவரி 26 இரவு, சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலந்ததாக எழுந்த வதந்தியில் அம்பாறை நகரில் ஒரு சாப்பாட்டுக் கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பரிசோதனையில் அது வெறும் மாக்கட்டி என்று தெரிந்தது. அந்த ஆண்டின் வன்முறைகளில் தன் தளத்துக்கிருந்த பங்குக்காக பேஸ்புக் வருத்தம் தெரிவித்தது 2020இல். தன் பெயரில் பொதுவெளியில் முறைப்பாடு எழுத ஒரு மருதமுனை நெசவாளி தயங்கினால், அவரை அக்கறையற்றவர் என்பது அநியாயம்.

இந்தப் பூட்டுகளைத் திறக்க ஒரு வழி உண்டு. இந்தியாவின் ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற மக்கள் அமைப்பு 1994 டிசம்பரில் கோட் கிரானா கிராமத்தில் செய்தது எளிய வேலை: கூலிப் பதிவேட்டை ஊர் நடுவில் கூட்டம் கூட்டி உரக்க வாசித்தார்கள். தங்கள் பெயரில் யாரோ கூலி வாங்கிய செய்தி அப்போதுதான் ஊராருக்குத் தெரிந்தது. அந்த மாநிலம் 2019இல் திறந்த தகவல் இணையதளம் அத்தகைய கூட்டங்களின் வழிவந்தது. முதலில் வாய், பிறகு இணையம்.

இந்தக் கிழக்குக் கரையில் உரக்க வாசிக்கப் பள்ளிவாசல் ஒலிபெருக்கிக்குப் பஞ்சமில்லை. ஜனாஸா அறிவித்தல் கேட்கிற வீடுகளுக்கு நிவாரணப் பட்டியலும் கேட்கும். அடுப்படியில் நிற்கிற பெண்ணுக்கும் கேட்கும். அவளுடைய பதில் கேள்வியை எந்தப் பெண் உத்தியோகத்தர், எந்த நாளில், எந்த வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்வது என்பதே இந்தக் கருத்தரங்கின் பிற்பகல் அமர்வுக்கு உரிய விவாதம்.

காலை அமர்வில் கட்டுரை வாசிக்க இருப்போர், தத்தமது ஊர்ச் சபையின் வரவு செலவுத் திட்டத்தைத் தமிழில் ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டு மேடைக்கு வந்தால் நல்லது. கிடைக்காவிட்டால், பாமினியிலும் தட்டிப் பார்க்கலாம்.