சிற்றறையும் உட்கூரையும்

வீடு கட்டுவோர் நிலத்தையும் சுவரையும் நோக்குகின்ற அளவிற்குத் தலைக்கு மேலுள்ள பரப்பை நோக்குவதில்லை. ஆயினும், பகலெல்லாம் உழைத்துக் களைத்தவர் இரவிற் படுத்ததும் முதலிற் காண்பது அதனையே. வெயிலின் வெம்மை அறைக்குள் இறங்குவதும் அதன் வழியேதான். கூரைக்குக் கீழே தனியாக அமைக்கப்படும் தட்டினை மக்கள் சீலிங் என்பர். உட்கூரை என்பது அதற்கேற்ற தமிழ்ப் பெயர். பெரிய மண்டபத்திலே எக்கோலம் செய்தாலும் மண்டபம் அதனைத் தாங்கும். பத்தடிச் சதுர அறையிலோ, ஒரு சிறு பிழையும் அங்கு வாழ்பவரை நெடுங்காலம் வருத்தும். ஆகவே, எந்தக் கோலம் அழகானது என்று கேட்பதற்கு முன்னர், உட்கூரை எதற்காக வேண்டப்படுகிறது என்று கேட்பதே முறை.

யாழ்ப்பாணத்து நாற்சார் வீடுகளை அறிந்தோர், ஓட்டுக்கூரை எத்துணை உயர்ந்து நின்றது என்பதையும் அறிவர். சூடான காற்று மேலெழுந்து, ஓடுகளின் இடுக்கு வழியே வெளியேறியது. இன்றைய சிறு வீடுகளிலோ தகரமும் அஸ்பெஸ்டஸ் தகடும் தாழ்ந்த கூரைகளாயின. நண்பகலிலே தகடு காய்ந்து, கீழே இருப்பவர் மீது வெம்மையை வீசுகிறது. இத்தகைய வீட்டிலே உட்கூரை அலங்காரமன்று, அவசியம். ஆனால், தட்டினை அடித்து மூடிவிட்டால் மட்டும் போதாது. கூரைக்கும் தட்டிற்கும் இடையே தேங்கும் வெப்பக் காற்று வெளியேற, எதிரெதிரான இரு சுவர்களின் உச்சியிலும் துவாரங்கள் விடவேண்டும். வௌவாலும் மரநாயும் குடிபுகாதபடி அவற்றிற்குக் கம்பிவலை இடுவது நன்று. எலி கடித்த மின்கம்பியைப் பார்க்க ஆள் ஏறக்கூடிய ஒரு சிறு கதவும் தட்டிலே இருத்தல் வேண்டும்.

கொழும்பிலே தொடர்மாடி வீட்டில் வாழ்பவரின் நிலை வேறு. மேலே மற்றொரு குடும்பம் வாழுமாயின், அந்தக் கொங்கிறீற்றுத் தட்டில் வெயில் படுவதில்லை. அங்கு உட்கூரை குளிர்ச்சியைத் தருவதில்லை. மின்கம்பிகளை மறைக்கிறது, கண்ணுக்கு இனிமை தருகிறது, அவ்வளவே. அதற்குக் கொடுக்கும் விலையோ உயரம். 10 அடி நீளமும் 10 அடி அகலமும் 9½ அடி உயரமும் உள்ள அறை 950 கன அடி காற்றைக் கொள்ளும். ஓர் அடி தாழ்த்தினால் 100 கன அடி போய்விடும். காற்றாடியின் இறக்கை தரையிலிருந்து சுமார் 7½ அடிக்குக் கீழ் இறங்கலாகாது என்பதையும் கருதினால், சிற்றறையில் உயரமே செல்வம் என்பது விளங்கும். காற்றாடியின் கொளுக்கி உட்கூரைச் சட்டத்தில் அன்றி, மேலுள்ள தட்டிலோ வளையிலோ உறுதியாகப் பொருந்தியிருத்தல் வேண்டும்.

இனிக் கோலத்தைக் கருதுவோம். படிப்படியாக இறங்கும் தட்டுகளும், நடுவே தொங்கும் பூவேலையும் சிற்றறையை மேலும் சிறிதாக்கும். மேற்தட்டின் அடியிலேயே சட்டம் பொருத்தி, இரண்டு மூன்று அங்குலத்திற்கு மேல் தாழாத ஒரே சமதளத் தட்டு அதற்குப் போதும். விளிம்பில் ஒளி மறைத்து வைக்க விரும்புவோர், சுவரோரம் மட்டும் ஓர் அடி அகலத்திற்குத் தாழ்த்தி, நடுப்பகுதியை உயரமாகவே விடலாம். வெண்மை அல்லது வெளிறிய நிறம் ஒளியைத் திருப்பித் தரும். கருநிறம் கூரையைத் தலைமேல் இறக்கிவிடும். ஒடுங்கிய அறையிலே பலகைக் கோடுகள் அகலப் பக்கமாக ஓடினால் அறை சற்று அகன்று தோன்றும்.

பொருளைத் தேர்வதிலும் அறையின் இயல்பே வழிகாட்டி. ஜிப்சம் பலகை சமனாக அமையும். தீயையும் ஓரளவு தடுக்கும். ஆனால் நீர் பட்டால் தொய்ந்து கறைபடும். ஒழுக்குள்ள கூரையின் கீழும் குளியலறையிலும் அது ஏற்றதன்று. பி.வி.சி. பட்டிகள் ஈரத்திற்கு அஞ்சுவதில்லை, துடைத்தெடுக்கவும் எளிது. எனினும், அவை சூட்டில் வளையும், எரிந்தால் நச்சுப்புகை கக்கும். எனவே அடுப்பங்கரைக்கும் காய்ந்த தகரத்தின் அருகிற்கும் அவை பொருந்தா.

இங்கே எச்சரிக்கை ஒன்று மிகவும் வேண்டப்படுவது. பழைய வீடுகள் பலவற்றின் உட்கூரை அஸ்பெஸ்டஸ் தகட்டினாலானது. அஸ்பெஸ்டஸ் எவ்வகையாயினும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கவல்லது என உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. உடையாமல் இருக்கும் தகட்டை விட, உடைக்கும்போது எழும் தூசியே பெரும் ஆபத்து. புதுமை விரும்பி, அதனைக் காய்ந்தபடியே சுத்தியலால் உடைப்பதும், வாளால் அறுப்பதும், தும்புத்தடியாற் கூட்டுவதும், பிள்ளைகள் சுவாசிக்கும் காற்றிலே நஞ்சைக் கலப்பதாகும். நல்ல நிலையிலுள்ள தகட்டை அசையாது விடுவதே மேல். அகற்றியே தீரவேண்டுமாயின், நனைத்து, உடையாமல் முழுதாகக் கழற்றும் பயிற்சி பெற்றவரையே அமர்த்தவேண்டும்.

இறுதியாக, ஒழுக்கை மறைப்பதற்காக உட்கூரை போடுவோரும் உளர். மறைந்த ஒழுக்கு நின்றுவிடுவதில்லை. கொங்கிறீற்றினுள்ளே கம்பியைத் துருவாக்கிக்கொண்டிருக்கும். நோயை ஆற்றாமல் புண்ணை மூடுவது போன்றது அது. முதலிற் கூரையைத் திருத்துக. பின்னர் வெம்மையைத் தடுக்க வேண்டுமா என்று பார்க்க. அதன்பின் எஞ்சிய உயரத்தை அளக்க. கோலம் இவற்றிற்குப் பின்னரே. அளந்து பார்த்தபின் உட்கூரையே வேண்டாம் என்று தோன்றினால், சுண்ணாம்பு பூசிய வெறுந்தட்டின் கீழும் மனிதர் நிம்மதியாக உறங்கலாம்.