வெட்டும் விசை, மீட்கும் விசை
(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாணவர்களின் குரலைக் கணினியில் பதிவு செய்து திருத்துவது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் கணினி ஆசிரியர் இல்லை, தமிழாசிரியர். எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமைதோறும் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் 'பள்ளி வானொலி' ஒலிபரப்புகிறோம். அதற்காகத்தான் ஆடாசிட்டி மென்பொருளைத் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டேன். கற்றதோடு, பட்டதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆடாசிட்டி இலவசமாகக் கிடைப்பது. 1999-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவாகத் தொடங்கி, 2000-இல் வெளிவந்தது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும்.

முதலில் நானும் எல்லா வேலையையும் மவுஸை வைத்துத்தான் செய்தேன். ஒரு நிமிடப் பதிவைத் திருத்த அரை மணி நேரம் ஆனது. கை சற்று நழுவினால் தேர்ந்தெடுத்த பகுதி கலைந்துபோகும். விசைகளுக்கு மாறிய பிறகுதான் கண்ணுக்கு வேலை குறைந்து காதுக்கு வேலை கூடியது. ஒலிக்குக் காதுதானே முக்கியம்!

பத்து விசைகள் போதும். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஒலி ஓடும், மறுபடி தட்டினால் நிற்கும். ஆர் விசை பதிவைத் தொடங்கும். பி விசை இடைநிறுத்தும். இங்கே ஒரு எச்சரிக்கை: இடைநிறுத்தத்தில் இருக்கும்போது பல கட்டளைகள் மங்கலாகி வேலை செய்யாது. கணினி கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். ஸ்பேஸ் பாரைத் தட்டி முழுவதுமாக நிறுத்துங்கள், சரியாகிவிடும்.

குழந்தை பேசிக்கொண்டிருக்கும்போது பிழை வந்தால் பதிவை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் குழந்தையின் முகம் வாடிவிடும். கண்ட்ரோலுடன் எம் அழுத்துங்கள். அந்த இடத்தில் ஒரு அடையாளச் சீட்டு விழும். என்டர் தட்டிவிட்டுத் தொடருங்கள். பிறகு அந்த இடத்தைத் தேட வேண்டியதே இல்லை.

திருத்தும்போது கண்ட்ரோலும் 1-ம் பெரிதாக்கிக் காட்டும், கண்ட்ரோலும் 3-ம் சிறிதாக்கும். ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல், எக்ஸ் அழுத்தினால் அது வெட்டப்பட்டு, இருபுறமும் ஒட்டிக்கொள்ளும். கண்ட்ரோல், எல் அழுத்தினால் சத்தம் மட்டும் போய், அந்த நேரம் மௌனமாக அப்படியே இருக்கும். இரண்டு சொற்களுக்கு நடுவே பேருந்து ஹாரன் கேட்டால் வெட்டாதீர்கள், மௌனமாக்குங்கள். பேச்சின் மூச்சு கெடாது. வெட்டுவதற்கு முன் சி விசையை மட்டும் தட்டிப் பாருங்கள். வெட்டினால் எப்படி ஒலிக்கும் என்பதை வெட்டாமலே கேட்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலானது கண்ட்ரோல், இசட். செய்ததை ஒவ்வொரு படியாக மீட்டுத் தரும். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவன் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன்.

அவன் திக்கித் திக்கிப் பேசுவான். வகுப்பில் வாயே திறக்க மாட்டான். மழை வருவதற்கு முன் ஆடுகள் எப்படி நடந்துகொள்ளும் என்று ஒருநாள் என்னிடம் தனியாகச் சொன்னான். "இதையே வானொலியில் பேசுடா" என்றேன். நான்கு நிமிடம் பேசினான். அன்று மாலை உட்கார்ந்து, அவன் திக்கிய இடங்களை எல்லாம் ஒவ்வொன்றாக வெட்டினேன். மூன்று நிமிடத்துக்கும் குறைவாக, ஆற்றொழுக்காக வந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. சேமித்து மூடிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஒலிபரப்பானது. எல்லோரும் கைதட்டினார்கள். அவன் மட்டும் குனிந்தே நின்றான். மதியம் என்னிடம் வந்து, "கு... குரல் என்னோடதுதான் சார். ஆனா அது நான் பேசுனது இல்ல" என்றான்.

ஆய்வகத்துக்கு ஓடினேன். கோப்பைத் திறந்து கண்ட்ரோல், இசட் அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. கோப்பை மூடியதும் மீட்கும் வரலாறு முழுவதும் அழிந்துவிடும் என்பது அப்போதுதான் தெரிந்தது. மூலப்பதிவின் நகலும் என்னிடம் இல்லை. அவன் முதன்முதலாகத் துணிந்து பேசிய நான்கு நிமிடம் போயே போய்விட்டது.

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். மறுபடி பேசுவாயா என்று கேட்கவும் தயக்கமாக இருந்தது. இரண்டு வாரம் கழித்து அவனே வந்தான். "இந்தத் தடவை வெட்டாதீங்க சார்" என்றான். வெட்டவில்லை. நடுவே கேட்ட பள்ளி மணியை மட்டும் மௌனமாக்கினேன். ஒலிபரப்பானபோது கூட்டம் அவன் திக்கிய இடங்களில் காத்திருந்து கேட்டது. அவன் நிமிர்ந்து நின்றான்.

அதன்பின் இரண்டு பழக்கங்களை வைத்துக்கொண்டேன். முதலாவது: பதிவு முடிந்ததும், ஒரு விசையையும் தொடுவதற்கு முன், கண்ட்ரோல், ஷிப்ட், இ மூன்றையும் சேர்த்து அழுத்தி, மூலப்பதிவை வேவ் கோப்பாகத் தனியே ஏற்றுமதி செய்துவிடுவேன். கண்ட்ரோல், எஸ் திட்டக்கோப்பை மட்டுமே சேமிக்கும். அது ஆடாசிட்டியில்தான் திறக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இரண்டாவது: திருத்தும்போது பேசிய குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைப்பேன். சி விசையைத் தட்டி இருவரும் கேட்போம். வெட்டலாமா வேண்டாமா என்று குழந்தை முடிவு செய்யும். கண்ட்ரோல், எக்ஸ் அழுத்துவதும் அந்தக் குழந்தையின் விரல்தான்.

பதிப்புக்குப் பதிப்பு சில விசைகள் மாறலாம். மெனுவைத் திறந்தால் கட்டளைக்கு எதிரிலேயே அதற்குரிய விசை எழுதியிருக்கும். மனப்பாடம் செய்ய வேண்டாம், நாளைக்கு இரண்டாகப் பழகுங்கள். ஒரு வாரத்தில் கை தானாகப் போகும்.

எங்கே வெட்டக் கூடாது என்பது மட்டும் எந்த மெனுவிலும் எழுதியிருக்காது. அதை நம் பிள்ளைகளிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.