கேடயச் சுரப்பியும் உடற்பருமனும்

பெண்ணொருத்தி பருத்துவிட்டால், அவள் உணவுப் பிரியை என்று ஊர் முடிவு கட்டிவிடுகின்றது. ஆனால், சிலருக்குக் காரணம் கழுத்தின் முன்புறத்திலுள்ள தைரொயிட்டு என்னும் கேடயச் சுரப்பியாகவும் இருக்கலாம். உண்ட உணவை உடல் செலவிடும் வேகத்தை ஆள்வது அதன் சுரப்புநீர். அது குறைந்தால் சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல் ஆகியவற்றோடு எடையும் ஏறும்.

அச்சுரப்புநீரின் சாரமான தைரொக்சினை 1914ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் கெண்டல் பிரித்தெடுத்தார். இன்று அது குளிசையாகக் கிடைக்கின்றது. குளிசை குறையை நிரப்புமேயன்றி உடலை மெலிவிக்கும் மருந்தன்று. இக்குறைபாட்டால் மட்டும் ஏறும் எடை பெரும்பாலும் 2 முதல் 5 கிலோ வரையே. அதிலும் பெரும்பகுதி உப்பும் நீருமாம். விரைவில் மெலிய விரும்பிக் குளிசையைக் கூட்டி விழுங்கினால், இதயத்துடிப்புக் குலையும், எலும்பும் நலியும்.

குளிசையைக் காலையில் வெறுவயிற்றில் நீருடன் விழுங்கி, தேநீருக்கும் உணவுக்கும் அரைமணி முதல் ஒரு மணி நேரம் பொறுத்தல் வேண்டும். இரும்பு, கல்சியக் குளிசைகளுக்கு 4 மணி நேர இடைவெளி தேவை. அளவை மாற்றினால், 6 முதல் 8 வாரங்களின் பின்பே இரத்தப் பரிசோதனை அதன் பயனைச் சரியாகக் காட்டும்.

எஞ்சிய எடையைக் குறைப்பது அடுக்களையின் பணி. பிட்டையும் இடியப்பத்தையும் சிறிது குறைத்து, முருங்கையிலை, பயறு, மீன் ஆகியவற்றைக் கூட்டலாம். மாலையில் ஒழுங்கை வழியே நடக்கலாம். 1995 முதல் இலங்கையில் உணவு உப்புக்கு அயடீன் சேர்ப்பது சட்டமாதலால், வைத்தியர் கூறாமல் அயடீன் மருந்துகளை நாடவேண்டியதில்லை.

மாதத்திற்கு ஒரு கிலோ குறைந்தாலும் அது வெற்றியே. வீட்டார் ஏளனத்தை விடுத்து உடன் நடப்பாராயின், அவ்வெற்றி எளிதாகும்.