பள்ளிச் சேர்க்கைக்கு நாம் தர வேண்டிய ஒரு கடிதம்

(சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். லிஃப்ட் பராமரிப்பு பற்றிப் பேச நிறைய பேர் காத்திருப்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று வருடமாக நம் வளாகத்தில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கைக் காகிதங்களைச் சேர்த்துக் கொடுத்து வருகிறேன். வாட்ச்மேன்கள் என்னை ‘அட்மிஷன் ஏஜெண்ட் சார்’ என்கிறார்கள். கமிஷன் இல்லாத ஏஜெண்ட். வங்கியில் கணக்கு திறக்கும் படிவங்களைப் பார்த்தே காலம் தள்ளியவனுக்கு இது பழகிய வேலைதான்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 12(1)(சி) பிரிவின்படி, சிறுபான்மைப் பள்ளிகள் நீங்கலாக, தனியார் சுயநிதிப் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கு ஒதுக்க வேண்டும். எட்டாம் வகுப்பு வரை படிப்புக் கட்டணம் கிடையாது. பள்ளிக்கு அரசு கொடுத்துவிடும். வேன் கட்டணம் இதில் வராது. இதைப் பெற்றோரிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் மனவருத்தம் வேண்டாம்.

தமிழ்நாட்டில் இது எல்.கே.ஜி. சேர்க்கை. விண்ணப்பம் ஆன்லைனில், அதற்குக் கட்டணம் இல்லை. இருந்தும் வெளியே ஒரு பிரௌசிங் சென்டரில் நம் வீடுகளில் வேலை செய்யும் ஒரு அம்மாவிடம் ‘சீட் வாங்கித் தருகிறோம்’ என்று இரண்டாயிரம் ரூபாய் கேட்டிருக்கிறார்கள். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். குலுக்கலில் யாரும் யாருக்கும் சீட் வாங்கித் தர முடியாது. வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளிகளுக்குத்தான் முன்னுரிமை. இந்த ஒரு கிலோமீட்டரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதற்கு வருகிறேன்.

கேட்கும் காகிதங்கள் அதிகமில்லை. பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் அல்லது வருமானச் சான்றிதழ், முகவரிச் சான்று, பெற்றோர் ஆதார், போட்டோ. ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு முடிச்சு இருக்கிறது.

பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே? குழந்தை வளர்வது இங்கே, பிறப்புப் பதிவாகியிருப்பது செய்யாறிலோ திண்டிவனத்திலோ. சென்னை மாநகராட்சியில் பதிவாகியிருந்தால் இணையதளத்திலேயே இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். வேறு ஊர் என்றால் எந்த அலுவலகத்தில் பதிந்தார்கள் என்று தேடுவதே ஒரு வேலை. சில சான்றிதழ்களில் ‘ஆண் குழந்தை’ என்பதோடு சரி, பெயரே இருக்காது. பதிவு செய்த 12 மாதத்துக்குள் பெயரை இலவசமாகச் சேர்த்திருக்கலாம். அதன்பின் தாமதக் கட்டணத்தோடு 15 வருடம் வரை சேர்க்கலாம். நம் வளாகத்தில் சின்னக் குழந்தை வைத்திருக்கும் பணியாளர் யாராக இருந்தாலும் இன்றே இதைக் கேளுங்கள். 2023 அக்டோபர் 1-க்குப் பின் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கையில் பிறந்த தேதிக்குச் சான்று பிறப்புச் சான்றிதழ்தான் என்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. அந்தக் குழந்தைகள் 2027-இல் எல்.கே.ஜி. வாசலுக்கு வருவார்கள்.

அடுத்தது பெயர். அப்பாவின் ஆதாரில் ‘முருகன்’, ஸ்மார்ட் கார்டில் ‘முருகையன்’, குழந்தையின் சான்றிதழில் ‘எம். முருகன்’. வங்கியில் இதற்காகவே எத்தனையோ கணக்குகளை நிறுத்தி வைத்திருக்கிறோம். நான் செய்வது இவ்வளவுதான்: எல்லாக் காகிதத்தையும் மேசையில் பரப்பி, பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்ப்பேன். எங்கே இடிக்கிறது என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். திருத்தத்தான் இரண்டு மாதம் ஆகும். அதனால்தான் அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்கிறேன். 2025-இல் நிதிச் சிக்கலால் இந்தச் சேர்க்கை அக்டோபரில்தான் தொடங்கியது. எப்போது திறப்பார்கள் என்பது நம் கையில் இல்லை, ஃபைல் நம் கையில் இருக்கிறது.

வருமானச் சான்றிதழில் ஒரு சங்கடம். வரம்பு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய். வாட்ச்மேனுக்கு மாதம் 14,000 என்றால் வருடத்துக்கு 1,68,000. மனைவி இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்த்து 4,000 வாங்கினால் இன்னும் 48,000. மொத்தம் 2,16,000. ‘சார், சம்பளத்தைக் கொஞ்சம் குறைத்து எழுதிக் கொடுங்க’ என்பார்கள். நான் எழுதுவதில்லை, நீங்களும் எழுத வேண்டாம். அவசியமும் இல்லை. பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் இன, பழங்குடிக் குடும்பங்கள் சாதிச் சான்றிதழை வைத்தே ‘வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவு’ என்ற பட்டியலில் விண்ணப்பிக்கலாம். இது தெரியாமல் பாதிப் பேர் வருமானச் சான்றிதழுக்கு அலைகிறார்கள்.

இப்போது அந்த ஒரு கிலோமீட்டர். நம் வளாகத்துக்குள் குடியிருக்கும் நான்கு குடும்பங்களுக்கு ஆதாரில் இருப்பது ஊர் முகவரி. தூங்குவதும் சமைப்பதும் நம் தரைத்தளத்து அறையில். நம் கேட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் பள்ளி இருக்கிறது. ஆனால் காகிதத்தில் அவர்கள் இங்கே இல்லவே இல்லை. மற்ற எல்லாக் காகிதத்தையும் நான் அலைந்து வாங்கிவிடுவேன். அவர்கள் இங்கே வசிக்கிறார்கள் என்று சொல்லக்கூடியவர்கள் நாம் மட்டும்தான். போன வருடம் ஒரு குழந்தையின் விண்ணப்பம் இதனால்தான் நின்றது. இப்போது அந்தக் குழந்தை எல்.கே.ஜி. வயதைத் தாண்டிவிட்டது.

சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் கடிதம் கொடுத்தால் நாளைக்கு ‘இது என் வீடு’ என்று உட்கார்ந்துகொள்வார்கள் என்பது சிலருடைய பயம். சொத்து விஷயத்தில் பயம் தப்பில்லை. அதற்குத்தான் வாசகத்தைக் கவனித்து எழுத வேண்டும். ‘சங்கத்தின் பணியாளர், வேலை நிமித்தமாகச் சங்கம் தந்த அறையில் வாடகையின்றித் தங்கியிருக்கிறார், பணி முடியும்போது அறையைக் காலி செய்ய வேண்டும்’ என்று எழுதினால் அது குத்தகை ஆகாது, அனுமதிதான். 1882-ஆம் ஆண்டு ஈஸ்மெண்ட் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதைத்தான் ‘லைசென்ஸ்’ என்கிறது. சந்தேகம் இருந்தால் நம் வளாகத்திலேயே இரண்டு வக்கீல்கள் இருக்கிறார்கள், கேட்டுக்கொள்ளலாம். உண்மையைச் சொன்னால், எந்தக் காகிதமும் இல்லாமல் ஒரு குடும்பத்தை வருடக்கணக்கில் தங்க வைத்திருப்பதுதான் சங்கத்துக்கு ஆபத்து. இப்படி ஒரு கடிதம் நமக்கும் காவல்.

கடிதம் மட்டும் முகவரிச் சான்றாகிவிடாது. இதை வைத்துக்கொண்டு கவுன்சிலரிடம் ஆதாருக்கான படிவத்தில் கையெழுத்து வாங்கி, முகவரியை மாற்ற வேண்டும். வி.ஏ.ஓ. விசாரிக்கும்போதும் இது உதவும்.

குலுக்கலில் பெயர் வராத குழந்தைகள் இருப்பார்கள். அவர்களுக்கு மாநகராட்சிப் பள்ளி இருக்கிறது. நானும் அப்படிப்பட்ட பள்ளியில் படித்தவன்தான். அங்கே சேர்க்கவும் இதே ஃபைல் பயன்படும். வயதுச் சான்று இல்லை என்று எந்தப் பள்ளியும் குழந்தையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொல்கிறது. அதை ஒரு பக்கம் ஜெராக்ஸ் எடுத்துப் பெற்றோர் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்துப் பார்க்கிறார்களோ இல்லையோ, கையில் தாள் இருந்தால் குரல் கொஞ்சம் நிமிர்கிறது.

ஆகவே என் கோரிக்கை: நான்கு குடும்பங்களுக்கும் இந்தக் கடிதத்தைக் கொடுக்க இன்றைய கூட்டத்திலேயே தீர்மானம் போடுங்கள். மாதிரி வாசகத்தைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு சங்க அறையில் ஃபைல்களைப் பார்க்க உட்காருகிறேன். ஸ்கேன் செய்யத் தெரிந்த இரண்டு பேர் வந்தால் நல்லது. என் கண்ணுக்குச் சின்ன எழுத்து பிடிபடவில்லை. உங்கள் வீட்டில் வேலை செய்பவருக்குச் சின்னக் குழந்தை இருந்தால் அன்று ஒரு மணி நேரம் அனுப்பி வையுங்கள். அசல் காகிதங்களோடு, ரீசார்ஜ் செய்த போனையும் கொண்டுவரச் சொல்லுங்கள். ஓ.டி.பி. அதில்தான் வரும்.