புயலைத் தேடி ஒரு நாள்

புயல் வருகிறதென்றால் கதவைத் தாழிட்டுக்கொள்வது மனித இயல்பு. அதனைத் தேடிச் செல்வோரும் உண்டு. அத்தகைய ஒருவருடன் ஒரு பகற்பொழுதைக் கழிக்கும் வாய்ப்பு எனக்கு ஒரு மே மாதத்தில் கிட்டியது.

அமெரிக்க நாட்டின் நடுவே, டெக்ஸாஸ், ஓக்லஹோமா, கான்ஸாஸ் மாநிலங்களை அளாவிக் கிடக்கிறது பெருஞ்சமவெளி. இளவேனிற்காலத்தில் மெக்ஸிகோ வளைகுடாவிலிருந்து ஈரம் செறிந்த வெப்பக்காற்று அங்கு வருகிறது. மேற்கு மேட்டுநிலத்து வறண்ட காற்று அதனை எதிர்கொள்கிறது. உயரே குளிர்காற்று வேறு திசையில் விரைகிறது. உயரத்திற்கு உயரம் காற்றின் வேகமும் திசையும் மாறுபடுவதால், மேலெழும் காற்றும் அதனோடு மேகமும் சுழலத் தொடங்குகின்றன. இவ்வாறு சுழலும் மேகங்கள் சிலவற்றிலிருந்தே டொர்னேடோ என்னும் கொடுஞ்சுழல்காற்று தரையைத் தொடுகிறது.

ஓக்லஹோமாவின் நார்மன் நகரிலிருந்து காலையில் புறப்பட்டோம். காரை ஓட்டியவர் இத்துறையில் பழுத்த அனுபவமுடைய நண்பர். நண்பகல் வரை தெளிந்த நீலவானம்! "இவ்வேலையில் முக்காற்பங்கு காத்திருத்தலே" என்று நகைத்தார்.

மூன்று மணியளவில் மேற்கே கோபுரம்போல் ஒரு மேகம் எழுந்தது. விரைவில் அதன் உச்சி கொல்லனின் பட்டறைக்கல்லைப்போல் பரந்தது. அதற்குத் தென்கிழக்கே நின்றோம். எங்கள் முதுகுப்புறத்திலிருந்து வெப்பக்காற்று மேகத்தை நோக்கி ஓடியது. கோதுமைப் பயிர் முழுவதும் அத்திசையில் சாய்ந்தது. மேகத்தின் அடிப்பகுதி கீழிறங்கி மெல்லச் சுழன்றது. ஆவலுடன் படமெடுத்தேன். சற்றுநேரத்தில் மழைத்திரை அதனை மூடிவிட்டது.

"இன்னும் இரண்டு மைல் உள்ளே சென்றால் தெரியுமே!" என்றேன். அவர் மறுமொழி கூறாமல் காரைத் தெற்கே திருப்பினார். எனக்குச் சினம் வந்தது. பின்னர் அவர் சொன்னார்: 2013 மே 31 அன்று எல் ரீனோ ஊரருகே ஒரு டொர்னேடோ திடீரென 4.2 கிலோமீட்டர் அகலத்திற்கு விரிந்து, திசையும் மாறியது. டிம் சமராஸ், அவர் மகன் பால், கார்ல் யங் ஆகிய மூவரும் அதில் மாண்டனர். அவர்கள் அனுபவமற்ற இளைஞர்கள் அல்லர், பல்லாண்டு ஆராய்ந்தவர்கள்.

"அப்படியாயின் இத்தொழில் எதற்கு?" என்று கேட்டேன். 1973-இல் யூனியன் சிட்டியில் வீசிய டொர்னேடோவை ஆய்வாளர்கள் நேரில் தொடர்ந்து படமெடுத்தனர். நார்மன் ஆய்வுக்கூடத்து டாப்ளர் ராடாரின் பதிவுகளை அப்படங்களோடு ஒப்பிட்டபோது, காற்று தரையைத் தொடுவதற்கு முன்பே மேகத்தினுள் சுழற்சி புலப்பட்டிருந்தமை தெரியவந்தது. முன்னெச்சரிக்கைக்கு அது பெருந்துணையாயிற்று.

புயல் நகர்ந்தபின் பழைய பாதைக்குத் திரும்பினோம். நான் செல்ல விரும்பிய சாலையின் குறுக்கே மின்கம்பங்கள் முறிந்து கிடந்தன. பண்ணைவீடு ஒன்றின் கூரையைக் காணோம். முற்றத்தில் ஒரு முதிய தம்பதியர் நின்றனர். எச்சரிக்கை கேட்டு நிலவறையில் இறங்கியதாகக் கூறினர். காமிராவைக் காரிலேயே வைத்துவிட்டு, இடிபாடுகளை அகற்ற இருவரும் கைகொடுத்தோம்.

அன்று நான் எடுத்த படங்கள் பன்னிரண்டு. மழைத்திரைக்குள் புகுந்து எடுக்க நினைத்த பதின்மூன்றாவது படத்தைப்பற்றி எனக்கு இப்பொழுது சிறிதும் வருத்தமில்லை.