மண்ணின் பிடி

ஊருக்குப் போய்வர நெடுந்தூரம் இரயிலில் செல்பவர்கள் நீங்கள். முன்னாளில் தண்டவாளத் துண்டுகளுக்கு இடையே சிறிது இடைவெளி விட்டிருந்தார்கள். வெயிலில் இரும்பு நீளும் அல்லவா? இன்று பெரும்பாலும் அவற்றை ஒன்றாகப் பற்றவைத்துவிடுகிறார்கள். நீள விரும்பும் தண்டவாளத்தைக் குறுக்குக் கட்டைகளும் சரளைக் கல்லும் பிடித்து நிறுத்துகின்றன. மண்ணுக்குள் புதைந்த குழாயின் நிலையும் இதுவே.

இராஜஸ்தானத்தின் பார்மேர்ப் பகுதியில் 2004-ஆம் ஆண்டு மங்களா எண்ணெய் வயல் கண்டறியப்பட்டது. அங்கு கிடைக்கும் எண்ணெயில் மெழுகு மிகுதி, ஆறினால் உறைந்துவிடும். ஆதலால், அதைக் குஜராத்துக்குக் கொண்டுசெல்லும் நீண்ட குழாயை வழிநெடுகச் சூடேற்றி, எண்ணெயை ஏறத்தாழ 65 பாகை வெப்பத்தில் வைக்கும்படி அமைத்தார்கள்.

இத்தகைய குழாய் ஒன்றைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 25 பாகையில் புதைத்த எஃகுக் குழாய் 65 பாகைக்குச் சூடானால், தடையில்லாதபோது கிலோமீட்டருக்கு 48 சென்டிமீட்டர் நீளும். நீளவிடாமல் தடுத்தாலோ, 60 சென்டிமீட்டர் விட்டமும் 1 சென்டிமீட்டர் தடிப்பும் உள்ள குழாயில் ஏறத்தாழ 180 டன் அமுக்க விசை எழும்.

இதைத் தாங்குவது யார்? மண்தான். மீட்டருக்கு 1 டன் உராய்வு என்று கொண்டால், முனையிலிருந்து 180 மீட்டர் தொலைவுக்குள் அசைவு அடங்கிவிடும். அதற்கப்பால் நேரான குழாய் எத்தனை காதம் நீண்டாலும் நகராது. முனை மட்டும் 4 சென்டிமீட்டருக்குச் சற்று மிகுதியாக நகரும்.

ஆனால் மண் எங்கும் ஒன்றல்லவே! தளர்ந்த மணலின் பிடி குறைவு. அங்கே முனை மிகுதியாக நகர்ந்து, அதனோடு இணைந்த கருவிகளை நெருக்கும். இறுகிய மண்ணின் பிடி மிகுதி; அங்கே வளைவுகள் அசைந்து கொடுக்க இயலாமல் துன்புறும். ஆகவே பொறியியலார், பிடி குறைவென்று ஒரு முறையும் மிகுதியென்று ஒரு முறையும் கணக்கிட்டு, இரண்டிலும் தீங்கு நேராதபடி அமைப்பதே முறை.

கணக்கு எவ்வளவு சரியாயினும், மேலே கிடக்கும் மண்ணை அள்ளிவிட்டால் பயனில்லை. அழுத்தும் சுமை நீங்கிய இடத்தில் குழாய் வில்லாக வளைந்து மேலே எழக்கூடும்; உடையவும் கூடும். வயலோரத்திலும் சாலையோரத்திலும் குழாய்வழியைக் காட்டும் எச்சரிக்கைக் கற்களைக் கண்டிருப்பீர்கள். அங்கே ஒரு கூடை மண் தேவைப்பட்டாலும் வேறிடத்தில் எடுங்கள். அந்த மண் சும்மா கிடக்கவில்லை, வேலை செய்துகொண்டிருக்கிறது.