சந்தி: தச்சரின் சொல், புலவரின் சொல்



இப்பத்தாம் ஆண்டு விழாவில் ஒரு சொல்லைப் பற்றிச் சில கருத்துகளைக் கூற விழைகின்றேன். அச்சொல் ‘சந்தி’. இலக்கணம் கற்றோர்க்கு அது புணர்ச்சி. 11ஆம் நூற்றாண்டு வீரசோழியம் தன் எழுத்ததிகாரத்தைச் சந்திப்படலம் என்றே வகுத்தது. சிற்ப நூலார்க்கோ அது மரத்தோடு மரம் சேரும் பொருத்து. தென்னாட்டுக் கோயிற் கலையோடு நெருங்கிய வடமொழி நூலாகிய மயமதம், தன் 17ஆம் இயலை இச்சந்திக்கென்றே ஒதுக்கியுள்ளது.

தச்சர் புலவரிடம் கடன் பெற்றாரா, புலவர் தச்சரிடம் பெற்றாரா என்னும் வழக்கு வேண்டுவதில்லை. ‘சம்’ என்பது ஒன்றாக. ‘தா’ என்னும் வடமொழி வேர் வைத்தலைக் குறிக்கும். ஒன்றாக வைத்தலே சந்தி. தெருக்கள் கூடும் இடமும், அரசர் செய்யும் உடன்படிக்கையும் அவ்வேரின் கிளைகளே.

மயமதம் பொருத்துகளுக்கு இட்ட பெயர்கள் சுவையானவை. தூணின் அகலத்தில் மூன்றிலொரு பங்கை நடுவே முளையாக நிறுத்துவது மேஷயுத்தம். அதாவது ஆட்டுக்கடாப் போர். இன்னொன்று பன்றி மூக்கு; பிறிதொன்று மீன்பல். ஐரோப்பியரும் இவ்வாறே கண்டனர். ஆங்கிலேயர் புறாவால் என்னும் பொருத்தை ஜெர்மானியர் தகைவிலான் குருவியின் வால் என்பர். ஸ்பானியர் பருந்தின் வால் என்பர். பறவை வேறு, நுனியில் விரிந்த வால் இழுப்புக்கு விடாது என்னும் அறிவு ஒன்றே.

இனி நம் இலக்கணத்தை நோக்குவோம். விகாரப் புணர்ச்சி தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகைப்படும். பூங்கொடியில் ஓர் எழுத்துத் தோன்றியது; பொற்குடத்தில் திரிந்தது; மரவேரில் கெட்டது. தச்சரின் பட்டறையிலும் இம்மூன்றும் உண்டு. இரு மரத்துக்கும் பொதுவாய் ஒரு முளை வந்து சேர்வது தோன்றல். முனை வடிவு மாறுவது திரிதல். துளைக்காக மரம் இழக்கும் பகுதி கெடுதல். ஒன்றையும் இழக்க மனமில்லாத இரண்டு மரங்களை ஆணி கொண்டு அடித்து நிறுத்தலாம், பொருத்த இயலாது. சொல்லுக்குச் சொல், அடிக்கு அடி சேர்க்கும் நமக்கும் இதுவே பாடம். மரபுக் கவிதையாயினும் புதுக்கவிதையாயினும் இவ்விதி ஒன்றுதான்.

ஒட்டுப்பலகையும் திருகாணியும் மிகுந்துவிட்ட இந்நாளில் பொருத்துகள் அருகுகின்றன. அவற்றின் பெயர்களும் உடன் மறைகின்றன. அடுத்த பத்தாண்டில் நம் வட்டம், தத்தம் ஊர்த் தச்சர்களிடம் அமர்ந்து அப்பெயர்களைக் கேட்டுத் தொகுக்குமாயின், அது கவிதைக்கும் தமிழுக்கும் ஒருங்கே செய்யும் தொண்டாகும் என்று கூறி அமைகின்றேன்.